ஹாரன் அடித்தால் தீனி

நெருப்புக்கோழி தீனியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. லீயானுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. போன வருஷம் இதே சஃபாரி பார்க்கில் இதே கோழி ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, அவள் கணவன் ட்ரெவரின் மடியிலிருந்த தீனிப் பையை அப்படியே பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. இன்றைக்கோ, பொசபொசவென்று தூறிக்கொண்டிருந்த டெக்சஸ் குளிரில், வெள்ளைச் சரளைப் பாதையோரம் வண்டியை நிறுத்தி அவன் கையை நீட்டி நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிக் கூப்பிட, அது ஒரு தடவை கையைப் பார்த்தது, வண்டிக்குப் பின்னாலிருந்த ஓக் மரங்களைப் பார்த்தது, பிறகு நீளக் காலை எட்டிப்போட்டு வெட்டவெளிக்குப் போய்விட்டது.

"திமிரைப் பாரேன்! ஒரு கோழி எனக்கு முதுகக் காட்டுது" என்றான் ட்ரெவர்.

டாலஸில் சொகுசுக் கார் விற்கிறவன். அவனுக்கு உலகத்தில் எல்லாமே இளக்காரம்தான். மிருகங்கள் என்றால் கேட்கவே வேண்டாம். லீயான் பிறந்து வளர்ந்தது மாட்டுப் பண்ணையில். அங்கே விருந்துக்கு வந்தால் சாணி நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொள்வான், நெஞ்சுக்கறியை மட்டும் இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சப்புக்கொட்டித் தின்பான். எட்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து லீயானுக்குப் புளித்துப்போயிருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆறு வயது டெஸ்ஸாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் டிக்கெட் கொடுத்த பெண்மணியிடமும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னிக்குக் கடைசி வண்டி நீங்கதான், கண்ணு" என்று அவள் லீயானைப் பார்த்துத்தான் சொன்னாள். "வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ஹாரன் மட்டும் அடிச்சிடாதீங்க. நாங்க ஹாரன் அடிச்சுத்தான் தீனி போடுவோம். சத்தம் கேட்டா எல்லாம் வந்துடும்."

"எல்லாம்னா? மேனேஜரும் வருவாரா?" என்று ட்ரெவர் கண்ணடித்தான். அவள் ஜன்னல் தட்டியை இறக்கிவிட்டாள்.

லீயானுக்கு அது புதிய விஷயமா என்ன? அப்பா பிக்அப் வண்டியிலிருந்து நீளமாக ஹாரன் அடித்தால், கண்ணுக்கே எட்டாத பள்ளத்திலிருந்தெல்லாம் மாடுகள் எழுந்து ஓடி வரும். யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று எந்த மாடும் யோசிக்காது. ஹாரன் என்றால் சாப்பாடு, அவ்வளவுதான்.

மிருகங்கள் தாண்டாதபடி பாதையின் குறுக்கே பதித்த இரும்புக் குழாய்களின் மேல் வண்டி தடதடவென்று ஏறி அடுத்த வேலிக்குள் போனது. அங்கே வரிக்குதிரைகள், புள்ளிமான்கள், இரண்டு ஒட்டகம், எருமை மாதிரி ஏதோ ஒன்று, எல்லாம் மைதானத்தின் நட்டநடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன, முதுகில் தண்ணீர் வழிய வழிய, குளிரில் தோல் சிலிர்க்கச் சிலிர்க்க. மூச்சு புகையாக எழுந்தது. ஒரு சத்தம் இல்லை. ஈரப் புல் வாசனையும் நனைந்த தேவதாரு மர வாசனையும் ஜன்னல் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தன. லீயான் உற்றுப் பார்த்தாள், ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. மழை பெய்கிறது. மரங்கள் அங்கே குடை விரித்து நிற்கின்றன. அடியில் தரைகூட நனையவில்லை. அந்த நிழலில் ஒரு மான் குட்டிகூட இல்லை.

"மழையில மரத்தடிக்குப் போகாம நிக்குதுங்க, ட்ரெவர்."

"அதுக்கு?"

"மாடு கன்னு எதுவும் இப்படி நிக்காது. நாம திரும்பிடலாம்."

"ஆரம்பிச்சிட்டியா உன் மாட்டுக்காரப் பஞ்சாங்கத்த! ஒருவழிப் பாதை இது. நானும் காசு குடுத்துத்தான் வந்திருக்கேன், என் புள்ள ஒரு மிருகத்தையாவது தொட்டுட்டுத்தான் போகும்."

சொல்லிக்கொண்டே ஹாரனை அழுத்தினான். லீயான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், விடவில்லை. நீளமாக, வேண்டுமென்றே, பல்லைக் காட்டிக்கொண்டு அழுத்தினான்.

மைதானத்தில் எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. ஒன்றுகூட வண்டியைப் பார்க்கவில்லை. மரங்களைப் பார்த்தன. பிறகு அந்தக் கூட்டம் முழுவதும் அலறிப் புடைத்துக்கொண்டு எதிர் வேலியை நோக்கி ஓடியது.

"சரியான கழுதைக் கூட்டம்" என்றான் ட்ரெவர். ஆனால் குரலில் பழைய எகத்தாளம் இல்லை.

பாதை ஓக் மரங்களுக்கு அடியில் வளைந்து போனது. உள்ளே நுழைந்ததும் மழைச் சத்தம் நின்றுவிட்டது. சரளை நெரிபடும் சத்தமும் வைப்பர் தேய்க்கும் சத்தமும் மட்டும். இருட்டு நேரமில்லை அது, சாயங்காலம்தான். ஆனாலும் இலைகளுக்கடியில் வெளிச்சம் கலங்கிய தண்ணீராக இருந்தது. ஒரு வாசனை வந்தது. தீவனக் கிடங்கு வாசனை. வெல்லப்பாகும் சோளமும். அதற்கடியில் வேறொன்று, அழுகினதும் இல்லை, பச்சையும் இல்லை.

வண்டி அமுங்கியது.

சத்தம் பெரிதாக இல்லை. ஆள் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்தால் வருமே, அந்த அளவுதான். ஸ்ப்ரிங் முனகியது. ட்ரெவர் சட்டென்று பிரேக் போட்டான்.

"கிளை விழுந்திருக்கு" என்றான்.

அந்தக் கிளை நகர்ந்தது. பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு. தகரம் ஒவ்வொரு இடமாக உள்வாங்கி உள்வாங்கி நிமிர்ந்தது. தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

"அம்மா! மேல ஏதோ வந்திருக்கு!" டெஸ்ஸா சீட்டின்மேல் ஏறி நின்றுகொண்டு கையைத் தட்டினாள். "அப்பா, கூரையத் திற, நான் தீனி குடுக்கணும்!"

"வேண்டாம். திறக்காத, ட்ரெவர். வண்டிய எடு, மெதுவா எடு."

"குரங்கு, லீயான். குரங்கு! எவனோ கூண்ட ஒழுங்காப் பூட்டாம விட்டிருக்கான்." அவன் நெற்றியில் வியர்வை. அவனுக்கும் பயம்தான், ஆனால் பெண்டாட்டி சொல்லைக் கேட்பதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைக்கிற ஜென்மம். "டெஸ்ஸா செல்லம், உங்கம்மா பயந்தாங்கொள்ளி. நீ என் பொண்ணு, சரியா?"

பொத்தானை அழுத்தினான். லீயான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் கூரைக் கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. டெஸ்ஸா தீனிப் பையோடு கையை மேலே நீட்டிவிட்டாள். தலையும் தோளும் வெளியே போய்விட்டன.

கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம். நிதானமாக.

"சாப்பிடுதும்மா. நல்லா சாப்பிடுது."

"டெஸ்ஸா, கையை எடு. உள்ள வா."

"விட மாட்டேங்குது."

"என்னது?"

"என் கையைப் புடிச்சிருக்கும்மா."

லீயான் இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து குழந்தையின் கால்களைக் கட்டிக்கொண்டாள். ட்ரெவர் கியரைப் போட்டான். வண்டி ஓரடி குதித்தது. டெஸ்ஸா வீல் என்று அலறினாள்.

"எடுக்காதடா பாவி! கை பிஞ்சிடும்! நிறுத்து!"

நிறுத்தினான். அப்புறம் அவன் செய்த காரியம்தான் காரியம். எல்லோரையும் எகத்தாளம் பேசுகிற வாய் குழறிப்போய், "யாராவது வாங்க, யாராவது வாங்க" என்று கத்திக்கொண்டே ஹாரனில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். நகரத்துக்காரன். அவன் ஊரில் ஹாரன் அடித்தால் மனுஷன் திரும்பிப் பார்ப்பான்.

"அடிக்காத!" லீயானின் தொண்டை கிழிந்தது. "ட்ரெவர், அது கூப்பிடுற சத்தம்! அடிக்காத!"

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தான்.

மரங்களில் இலை உதிர்ந்தது. காற்று இல்லை. ஏதோ ஒன்று சரளையில் தொப்பென்று இறங்கியது. இன்னொன்று. பின்னால் ஒன்று. பிறகு எண்ணவே முடியாதபடி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவசரம் இல்லாத அடிகள். வண்டி மறுபடி அமுங்கியது. மறுபடி. ஜன்னல்கள் எல்லாம் வெளியிலிருந்து மூச்சுப்பட்டு வெளுத்தன.

டெஸ்ஸா அழுகையை நிறுத்திவிட்டாள்.

"அம்மா" என்றாள், மேலேயிருந்து, ரகசியம் மாதிரி. "நிறையப் பேர் இருக்காங்க."

"அம்மா புடிச்சிருக்கேன். விடவே மாட்டேன், தங்கம். விட மாட்டேன்."

விடவில்லை. குழந்தையின் இரண்டு முழங்கால்களையும் சேர்த்து இறுக்கினாள். மேலே பிடித்திருந்தது இழுக்கவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. சும்மா பிடித்திருந்தது. இவளுக்குக் கை ஓயட்டும் என்று.

குழந்தையின் இடுப்புக்கும் கூரையின் விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக ஒரு கை இறங்கியது. நீளமான கை. ஈரமான, முடியில்லாத, முழங்கை இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டி இறங்கிக்கொண்டே இருந்த கை. அது லீயானின் தலையைத் தொட்டது. தடவியது. மிரளுகிற மாட்டைத் தடவிக்கொடுப்பார்களே, அந்தப் பதத்தில், நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும்.

பிறகு அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பியது. கட்டைவிரலைக் கீழுதட்டுக்குள் விட்டுக் கீழே இழுத்தது.

அப்பா மாட்டுச் சந்தையில் இப்படித்தான் செய்வார், வாங்குவதற்கு முன்னால் வயசு பார்க்க. லீயானின் இரண்டு கையிலும் மகள். அவள் அப்படியே, வாய் பிளந்து, அசையாமல் நின்றாள். அது நிதானமாக, கீழ் வரிசையில் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தது.