கத்தி படாத துடிப்பு

அமலன், வயது இருபத்து நான்கு. கம்பைநல்லூரை விட்டு வந்து, பென்னாகரம் சாலையில் ஒரு பழைய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டெக்னீஷியனாக இருக்கிறான். அன்று காலை ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்ததும், மயக்க வாயுவின் லேசான இனிப்பு வாடை. இன்று மேசையில் படுக்கப்போவது அவனுடைய அக்கா கேத்தரின். பித்தப்பையில் கல்.

சிரிஞ்சுகளில் ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு முறை படித்துப் பார்த்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஸ்டிக்கர் தீர்ந்திருந்தது. வலது பக்கம் ஃபென்டனைல் என்ற வலி மருந்து, இடது பக்கம் சலைன் என்ற வெறும் உப்புநீர் என்று தட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். மேசையைத் துடைத்தவர்கள் தட்டை இடவலமாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். அதன் ஓரத்து அயோடின் கறை இடம் மாறியிருந்ததை அவன் பிறகுதான் கவனித்தான். அன்று ஆபரேஷனுக்கு வந்திருந்த ஏரியூர் குள்ளம்மாளுக்குப் போனது வெறும் சலைன். வாயு அவரைத் தூங்கவைத்தது. ஆனால் கத்தி படும்போது இதயம் துள்ளாமல் பிடித்துவைக்கும் மருந்து உடம்பில் இல்லை. துடிப்பு நூற்று ஐம்பத்திரண்டுக்கு எகிறியது. ஏற்கெனவே நைந்த இதயம், மாலையில் நின்றுவிட்டது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை குள்ளம்மாளின் தலையிலிருந்து நெற்றியில் வழிந்த விளக்கெண்ணெயை அவன்தான் துடைத்திருந்தான்.

“ஏண்டா, அந்த ஸ்டிக்கரயே எத்தன தடவ படிப்ப? ஆபரேசன் எனக்கா, உனக்கா?” என்று சிரித்தாள் கேத்தரின்.

“சும்மா படு, அக்கா.”

மயக்க மருந்து டாக்டர் ராதிகா ஃபென்டனைல் செலுத்தினார். வாயு ஓடியது. மானிட்டர் நிதானமாக ஒலித்தது. அறுபத்தெட்டு.

கத்தி இன்னும் தட்டிலேயே கிடந்தது.

தொண்ணூறு.

நூற்று ஐம்பத்திரண்டு.

“இன்னும் தொடவே இல்லையே! அமலா, ஃபென்டனைல்தானே லோடு பண்ணுனே?”

“ஆமாங்க மேடம். சத்தியமாங்க.”

இன்னொரு டோஸ் போயிற்று. இறங்கவில்லை.

விளக்கெண்ணெய் வாடை அடித்தது.

அவன் அக்காவின் காதருகே குனிந்தான். “தப்பு என்னோடதுங்கம்மா. இவள வுட்டுடுங்க. உங்க மவன்கிட்ட சொல்லிடறேனுங்க.”

அறுபத்தெட்டு.

ஆபரேஷன் முடிந்து கேத்தரின் கண் விழித்தாள். அவளை வார்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக மேசையைத் துடைத்தான். வேலை போய்விடுமே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

பின்னால் மானிட்டர் ஒலித்தது.

வயர்கள் வெறுமனே தொங்கின. யார் உடம்பிலும் இல்லை.

நூற்று ஐம்பத்திரண்டு.

பிளக்கைப் பிடுங்கினான். நிற்கவில்லை. போனை வாயருகே பிடித்து, வீட்டு வாட்ஸப் குரூப்பில் குரல் பதிவாகப் பேசினான்:

“யாரு இதக் கேட்டாலும், குள்ளம்மா மவன் மாதேஷ்கிட்ட சொல்லிடுங்க. அவங்கம்மா செத்தது என்னோட தப்பாலங்க. இப்பவே சொல்லிடுங்க.”