சாம்பல் கட்டம்

2018 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை. பல்கேரியாவில், ருசே நகருக்குச் சற்று மேற்கே, டான்யூப் ஆற்றில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. அதில் இருந்த இருவரில் ஒருவர் நீந்திக் கரையேறினார். மற்றவர் லியூபென் தச்செவ், வயது முப்பத்தெட்டு. உடல் செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

நவம்பர் நடுவில் அவருடைய மனைவி விஹ்ரா வீட்டு இணையத்துக்கு வடிகட்டி போட முடிவு செய்தாள்.

கல்லறைக் கல் எங்கே செய்வார்கள் என்று அவள் ஒரே ஒரு முறைதான் தேடிப் பார்த்தாள். அதன்பின் விளம்பரங்களாகக் கற்கள் அவளைத் துரத்தின. சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் கறுப்புக் கிரானைட், வானிலைக்குக் கீழே மலர் வளையம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். லியூபெனின் முகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையின் இணையதளத்தில் போட்ட அஞ்சலித் தாள், கறுப்புக் கோடும் புகைப்படமுமாக, விளம்பரங்களோடு விளம்பரமாகப் போகிற பக்கமெல்லாம் வந்து நின்றது. ஆறு வயது மகள் நெடா கார்ட்டூன் பார்க்கும் பக்கத்திலும் வந்தது.

நெடா ஒரே கரடிப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவதை விஹ்ரா கவனித்தாள். ஏன் என்று கேட்டாள்.

"இது முடிஞ்சா சில சமயம் அப்பா வருவாரு," என்றாள் நெடா. "வந்தா, இன்னைக்கு என்ன சாப்பிட்டேன்னு சொல்லுவேன்."

மறுநாளே விஹ்ரா ஒக்னியானுக்குப் போன் செய்தாள். ஒக்னியான் லியூபெனின் தம்பி. அலுவலகங்களுக்கு இணைய இணைப்பு அமைத்துத் தருவது அவன் தொழில். கீல் உடைந்த ஒரு பழைய மடிக்கணினியை ரப்பர் பட்டை போட்டுக் கட்டி எடுத்து வந்தான். நடைவழியில், செருப்பு அலமாரி மேல், ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள வர்றது எல்லாம் இதைத் தாண்டித்தான் வரணும் அண்ணி. உங்க போன், குட்டியோட டேப்லெட், எல்லாமே. இதுக்குப் பேரு ப்ராக்ஸி. உங்க கீழ்வீட்டு ஸ்லாத்கா அக்கா மாதிரின்னு வெச்சுக்குங்க. யாரு, எங்க போறேன்னு கேக்காம ஒரு பூனையைக்கூட மேல விட மாட்டாங்க."

"அப்ப ஊர் வம்பும் சேத்துப் பேசுமா?"

"அதான் பேசாது. நம்மளை எவன் வேவு பாக்கிறானோ அவனுக்கு மூச்சு விடாது. அந்த விஷயத்துல ஸ்லாத்கா அக்காவை விட நல்லவன்."

வானிலைப் பக்கத்தைத் திறந்து காட்டினான். மலர் வளையம் இருந்த இடத்தில் பொடிப்பொடியாகச் சாம்பல் நிறக் கட்டங்கள், சதுரங்கப் பலகையைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பது போல.

"அந்த இடத்தைக் காலியா விட்டா பக்கமே கலைஞ்சு போகும். அதனால கட்டம் போட்டு இடம் பிடிச்சு வெக்கும்."

"அவரையும் எடுத்துடு," என்றாள் விஹ்ரா.

ஒக்னியானின் விரல்கள் நின்றன. "அண்ணனையா?"

"நெடா அந்தப் படத்துகிட்டப் பேசறா, ஒக்னியான். இவளும் அவர் பின்னாடியே போயிடுவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு."

அவன் அண்ணனின் பெயரைத் தட்டினான், புகைப்படத்தைச் சேர்த்தான். கிளம்பும்போது, கோட்டுக்குள் கையை விட்டபடி சொன்னான்: "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க அண்ணி. இது எதையும் அழிக்காது. வர்றது வந்துகிட்டேதான் இருக்கும், வாசல் வரைக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அந்த வாரமே விஹ்ரா இன்னொன்றும் செய்தாள். கட்டடத்தின் கீழ்வாசல் கண்ணாடிக் கதவில் லியூபெனின் அஞ்சலித் தாள் ஒட்டியிருந்தது. எல்லா வாசலிலும் இருப்பது போலத்தான், பழைய தாள்கள் மேல் புதிய தாள். பள்ளியிலிருந்து திரும்பும்போதெல்லாம் நெடா நுனிக்காலில் எம்பி அந்த முகத்தில் உள்ளங்கையை வைப்பாள். விஹ்ரா வெந்நீர்த் துணியால் ஊறவைத்து, கிழியாமல் உரித்து எடுத்து, மடித்துச் சமையலறை இழுப்பறையில் போட்டாள்.

ஸ்லாத்கா படியடியில் காத்திருந்தாள். கட்டடத்தின் நிர்வாகம் அவள் பொறுப்பு. கோட்டுப் பை நிறையச் சூரியகாந்தி விதை.

"ஏம்மா, உரிச்சது நீயா? நாப்பது நாள்கூட ஆகலையே."

"குழந்தை பாக்கிறா, அக்கா."

"குழந்தைக்கா ஒட்டறோம்? நமக்கும் இல்ல. நமக்குத்தான் தெரியுமே." விதைத் தோலை உள்ளங்கையில் துப்பினாள். "அவனுக்கும்மா. எங்க ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க. நாப்பது நாளும் வீட்டைத் தேடி வருவானாம். வாசல்ல தன் மூஞ்சியைப் பாப்பான், சுத்தியிருக்கிற கறுப்புக் கோட்டைப் பாப்பான், அட, செத்துட்டோம்போலன்னு திரும்பிடுவான். நீ உரிச்சுட்டே. இனி அவனுக்கு யாரு சொல்றது, உன் கொழுந்தன் வெச்ச பொட்டியா?"

விஹ்ராவின் முகம் போன போக்கைப் பார்த்து அவளே சிரித்தாள். "சும்மா சொன்னேன்டி. வா, குடமிளகாய் சுட்டு வெச்சிருக்கேன், குட்டிக்கு எடுத்துட்டுப் போ."

விஹ்ரா மிளகாயை வாங்கிக்கொண்டாள். தாளைத் திரும்ப ஒட்டவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலையிலிருந்தே ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி ஏறி, மதியத்துக்குள் எதிர்க் கட்டடத்தை முழுதாக விழுங்கியிருந்தது. விஹ்ரா சமையலறை மேசையில் ஏதோ இயந்திரத்தின் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். சளி என்று பள்ளிக்கு அனுப்பாத நெடா தன் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அழைப்பு மணி ஒரு முறை, சுருக்கமாக, அழுத்தத் தெரியாதவர் அழுத்தியது போல ஒலித்தது.

கீழ்வாசலுக்கு ஒரு கேமரா உண்டு. அதன் பக்கத்தைக் குடியிருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் போனில் திறந்து பார்க்கலாம். விஹ்ரா திறந்தாள். தபால் பெட்டிகள், படியின் அடி, கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே பனி. ஆள் இல்லை. ஆனால் கண்ணாடிக்கு அப்பால், முகம் இருக்க வேண்டிய உயரத்தில், சின்னதாக ஒரு சாம்பல் கட்டம்.

வடிகட்டி எதையோ தப்பாகப் பிடித்திருக்கிறது என்று நினைத்தாள். பக்கத்தை மூடித் திறந்தாள். கட்டம் அப்படியே இருந்தது. பிறகு அது இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் நகர்ந்தது. கொஞ்சம் தாழ்ந்தது. வழக்கமாக ஒன்று இருக்கும் இடத்தில் அதைக் காணாமல் தேடும் ஒருவரின் தலை அசைவது போல.

தாள் ஒட்டியிருந்த இடம் அது.

ஒக்னியானைக் கூப்பிட்டாள். "கேமராவுல கட்டம் விழுது."

"விழாதே அண்ணி. அது ஒரு படத்தை முழுசா மறைக்கும், இல்லன்னா முழுசா விடும். படத்துக்குள்ள ஒரு துண்டை மட்டும் வெட்ட அதுக்குத் தெரியாது."

"வெட்டியிருக்கு."

அவன் பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது, ஒரு அச்சுப்பொறி ஓடியது. "சரி, எதையும் தொடாதீங்க. ஆறு மணிக்கு வர்றேன்."

நாலரைக்கே இருட்டிவிட்டது. விஹ்ரா விளக்குகளையெல்லாம் போட்டாள். விறகுப் புகையும் எப்போதும் படிக்கட்டில் தங்கியிருக்கும் சுட்ட மிளகாய் வாசனையும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருப்பதை அவள் மெல்லத்தான் உணர்ந்தாள். சேற்று வாசனை. நனைந்த கம்பளி. மீன் செதில் காய்ந்த ரப்பர் பூட்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வாசனை படியேறி வரும்போது, 'பூட்ஸை வெளியிலேயே கழட்டுங்க' என்று அவள் இந்த மேசையிலிருந்தே கத்துவாள்.

கீழ்வாசல் கதவின் சுருள்வில் நீளும் சத்தம் கேட்டது. மூடிக்கொண்டபோது கதவு எப்போதும் விடும் பெருமூச்சை விட்டது. படிக்கட்டு விளக்கின் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. இருட்டில் ஏறத் தெரிந்தவர்கள் அழுத்த மாட்டார்கள்.

போனைப் பார்த்தாள். கட்டம் உள்ளே வந்திருந்தது. தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில். இப்போது அது சின்னதாக இல்லை. தரையிலிருந்து, ஒரு ஆள் உயரத்துக்கு, ஒரு ஆள் அகலத்துக்கு. அவர்களுடைய பெட்டிக்கு நேராக நின்றது.

பிறகு படியை நோக்கி நகர்ந்து படத்தை விட்டு வெளியேறியது.

அவர்கள் வீடு முதல் மாடி.

இழுப்பறையை இழுத்தாள். தாள் இருந்தது. யோசிக்க நேரமில்லை, ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: அவருக்குக் காட்ட வேண்டும். கீழே காட்டாததை இங்கே காட்ட வேண்டும். நெடா இருக்கும் வீட்டுக்குள் அவர் வருவதற்கு முன். மேசையிலிருந்த ஒட்டுநாடாவை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு ஓடினாள். செருப்பு அலமாரி மேல் மடிக்கணினியின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். இருட்டு. காது வைத்தாள். சளக். நிறுத்தம். சளக்.

கதவைத் திறந்து வெளியே வந்தாள். படிக்கட்டு விளக்கைத் தட்டினாள். மஞ்சள் வெளிச்சத்தில் யாருமில்லை. வாசனை மட்டும் தொண்டைக்குள் இறங்கியது. தாளைக் கதவின் வெளிப்பக்கம் வைத்து நாடாவை இழுத்தாள். ஒட்டவில்லை. கதவு நனைந்திருந்தது. சட்டைக் கையால் துடைத்தாள். அப்போது மணிக்கட்டில் ஏதோ உரசியது. குளிர்ந்த, ஈரமான, முரட்டுக் கம்பளி. அவளுக்கும் நிலைக்கும் நடுவே ஒருவர் ஒருக்களித்து நுழைவது போல.

காற்று, என்று சொல்லிக்கொண்டாள்.

தாளை அழுத்த ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. குமிழைப் பற்றிக் கதவைத் தன் பக்கம் இழுத்து அழுத்தினாள். நாடா ஒட்டியது. பூட்டு 'டக்' என்று விழுந்தது.

வெளிப்பக்கக் குமிழ் திரும்பாது. சாவி உள்ளே.

தாளின் கறுப்புக் கோடுகளுக்குள்ளிருந்து லியூபென் ஆளில்லாத படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை அவருக்குக் காட்டத்தான் ஒட்டினாள். பார்க்க வேண்டியவர் இந்தப் பக்கம் இல்லை.

"நெடா! கதவைத் திற, கண்ணு! நெடா!"

கதவு திறக்கவில்லை. பையிலிருந்த போனை எடுத்தாள். வைஃபை இங்கேயும் எட்டும். கீழ்வாசல், வெறுமை. நெடா கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அறையில் மாட்டிய கேமரா இன்னும் அங்கே இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

நெடா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வரைபுத்தகம். அவளுக்குப் பக்கத்தில் சாம்பல் கட்டங்கள். உட்கார்ந்த ஆளின் உயரம். அந்தப் பக்கம் மெத்தை அமுங்கியிருந்தது.

அந்தக் கேமராவில் ஒலி கிடையாது. நெடாவின் வாய் அசைந்தது. விரல் விட்டு எண்ணினாள். ரொட்டி. மிளகாய். சூப். என்ன சாப்பிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஹ்ரா கதவை அறைந்தாள். தோளால் இடித்தாள். கீழே ஸ்லாத்காவின் கதவு திறந்தது. என்னடி, என்ன ஆச்சு. திரையில் நெடா சொல்லி முடித்தாள். சிரித்தாள். மெல்லச் சாய்ந்தாள்.

தலை கட்டங்களுக்குள் போனது.

தோள் போனது.

கை.

புத்தகம் மட்டும் கட்டிலில் இருந்தது.

ஆறு மணிக்கு ஒக்னியான் வந்து தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தான். நெடா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் விரிப்பும் மெத்தையும் ஈரமாக இருந்தன. மருத்துவர் பார்த்து, சளியைத் தவிர ஒன்றுமில்லை என்றார். அன்று முதல் நெடா சுவரோரம் ஒடுங்கித்தான் தூங்குகிறாள், மற்றப் பாதியைக் காலியாக விட்டு.

வடிகட்டியின் விதிகளை ஒக்னியான் முழுக்கப் படித்துப் பார்த்தான். தடுக்கச் சொன்ன மனிதர் ஒருவர்தான், படம் ஒன்றுதான். அன்றே அதை நிறுத்தி, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனான். நாற்பதாம் நாள் கல்லறையில், வந்தவர்களுக்கு வழக்கப்படி வேகவைத்த கோதுமை கொடுத்தார்கள். கீழ்வாசலில் புதிய தாளை ஸ்லாத்காவே ஒட்டினாள்.

டிசம்பரில் நெடாவின் பள்ளி தன் இணையப் பக்கத்தில் வகுப்புப் படத்தை வெளியிட்டது. விஹ்ரா தன் போனில் பார்த்தாள். ஒக்னியான் அலுவலகக் கணினியில் பார்த்தான். ஸ்லாத்கா தன் மகனின் போனில் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்றிலும் ஒரே படம்தான். இரண்டாம் வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக, நெடாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சாம்பல் கட்டம்.