பெல்லோம் வீட்டுப் பீவர் அங்கி

உர்சூல் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கட்டில் பக்கமிருந்து இரண்டு மூச்சுகள் கேட்டன. கட்டிலில் கிடந்தது அவள் கணவன் இஸிதோர் மட்டும்தான்.

கையை நிறுத்தினாள். வெளியே ஏரி கண்ணுக்கெட்டிய மட்டும் உறைந்து கிடந்தது. வேலையாள் தூஸான் விறகு பிளக்கும் சத்தம், எண்ணெய்த்தோல் ஒட்டிய ஜன்னலில் மத்தியான வெளிச்சத்தின் அழுக்கு மஞ்சள், புகையும் கரடிக்கொழுப்பும் கலந்த வாடை, இவற்றுக்கெல்லாம் அடியில் அந்த மூச்சுகள். ஒன்று மெலிந்து இழுத்தது, மற்றது வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தூங்குகிறவனுடையது போல நிதானமாக வந்து போனது.

மாமனார் கஸ்பார் செத்துப் பதினோரு நாள். மண் இறுகிப்போனதால் குழி வெட்ட முடியவில்லை. பனி உருகும்வரை இருக்கட்டும் என்று உடலைத் தோல் கொட்டகையில் கிடத்தியிருந்தார்கள். அவர் உடம்பு ஆறுவதற்குள், பீவர் என்ற நீர்விலங்கின் தோலில் தைத்த அங்கியைக் கழற்றி மகனுக்கு மாட்டியாயிற்று. மூன்று தலைமுறையாகப் பெல்லோம் வீட்டு வழக்கம் அது. மயிர்ப்பக்கம் உள்ளே, வெறும் உடம்பில். பிரான்சிலிருந்து இந்தப் பனிக்காட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், விறைத்துக் கிடந்த கூலிப் படகோட்டி ஒருவன் மேலிருந்து இஸிதோரின் பாட்டன் உரித்த அங்கி. அவன் அப்போது சாகவில்லை என்று ஆட்கள் பேசிக்கொள்வார்கள்.

போட்டதிலிருந்து இஸிதோர் எழுந்திருக்கவில்லை.

தூஸான் விறகோடு உள்ளே வந்தான்.

"தூஸான், அதைக் கழட்டணும். ஒரு கை பிடி."

"நல்லாருக்கே சின்னம்மா! உங்க வீட்டு மூட்டை சுமந்தே முதுகு போச்சு. மிச்சம் இருக்கிறது இந்தக் கை ரெண்டும்தான்."

"அவர் செத்துருவாரு."

விறகைக் கீழே போட்டான். "ஊர்ல இருக்கிற பீவர் தோலெல்லாம் போடப் போட நீள மயிர் உதிர்ந்து பஞ்சாயிடும். அந்தப் பஞ்சுக்குத்தானே தொப்பி செய்யறவன் அலையுறான். இதுல ஒத்த மயிர் உதிரல. அப்ப தேயறது எது? கொட்டகைக்குப் போய்ப் பெரியவர் முதுகைப் பாருங்க."

போனாள். தோல்களின் கொழுப்பு வாடைக்கு நடுவே போர்வையை விலக்கி, கட்டையாய் விறைத்திருந்த உடம்பைப் புரட்டினாள். ரத்தமில்லை. காயமில்லை. பழஞ்சட்டையின் முழங்கை தேய்வதுபோல முதுகு தேய்ந்திருந்தது. கதவிடுக்கின் வெளிச்சம் விலா எலும்புகளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் தரையில் விழுந்தது.

ஓடி வந்தாள். தோலுரிக்கும் கத்தியை எடுத்தாள்.

இஸிதோர் கண் திறந்தான். "வேணாம் உர்சூல். குளிரும்."

"கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"பொறுத்துக்கறதுக்கு உள்ள என்ன இருக்கு?" சிரிக்கப் பார்த்தான். பாதியில் உதடு நின்றுவிட்டது.

மார்பு வார்களை ஒவ்வொன்றாக அறுத்தாள். அங்கியின் விளிம்பு எங்கே முடிகிறது, அவன் எங்கே தொடங்குகிறான், தெரியவில்லை. கத்தியைச் செருகினாள். ரத்தம் வந்தது. அங்கியின் தோலிலிருந்து வந்தது. அவன் முனகவில்லை.

"இஸிதோர்!"

இப்போது ஒரு மூச்சுதான். நிதானமானது.

இதயம் துடிக்கிறதா என்று பார்க்கக் கையை உள்ளே விட்டாள். விலா தட்டவில்லை. இன்னும் விட்டாள். மயிர். ஈரமான, அடர்த்தியான மயிர். எல்லாப் பக்கமும்.

கையை இழுத்தாள். வரவில்லை.

கதகதப்பாக இருந்தது. அவ்வளவு கதகதப்பு இந்த வீட்டில் அவள் கண்டதில்லை. அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. கத்தி கீழே விழுந்தது. முழங்கையும் உள்ளே போயிற்று. தோள்.

அறுந்த வார்கள் மெல்ல நகர்ந்து வந்து, அவள் கழுத்தின் அளவு பார்த்துக்கொண்டிருந்தன.