முந்தியா... பிறகா?

"ஐயோ...!"

துஷாந்தியின் அலறலில் காகங்கள் சிதறிப் பறந்தன.

நட்டநடுப் பகல். உப்புவெளி வீட்டின் கிணற்றுக் கட்டின்மேல் டிலக்சன் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் ஈரம். அவளைப் பார்த்துச் சிரித்தான்!

அவள் புருஷன்தான். ஆனால் அவன் கடலோடு போய் இரண்டு வருடம்! படகு கவிழ்ந்ததில் கூட்டாளி முத்தலிப்பின் சடலம் மட்டும் மண்டை பிளந்து கரை ஒதுங்கியது. பாறையில் அடிபட்டதென்றார்கள். டிலக்சனின் உடல் கிடைக்கவேயில்லை.

கொழுந்தன் தனோஜன் ஓடி வந்தான்.

"என்ன அண்ணி? திரும்பவும் அண்ணாவோ?"

"அங்கை... அங்கை இருக்கிறார்!"

"ஒருத்தருமில்லை. வடிவாப் பாருங்கோ!"

பார்த்தாள். கட்டு காலி!

"நித்திரையே வருகுதில்லை, தனோஜன். நெஞ்சு பதறுது. புத்தி பிசகி எனக்கு விசர் பிடிச்சிட்டுதோ?"

"பயப்படாதேங்கோ. நான் தந்த நித்திரைக் குளிசையிலை இன்னொண்டு போடுங்கோ. சரிவராட்டில் ஆஸ்பத்திரியிலை விடுவம். நீங்கள் சொல்லுறதை இனி ஆர் நம்பப் போயினம்?"

அன்பாகத்தான் சொன்னான். துஷாந்தி ஓரடி பின்வாங்கினாள்.

பின்னேரம் இருமல் என்று பொய் சொல்லி டாக்டர் ஸல்ஹாவின் கிளினிக்குக்கு வந்தாள். தனோஜனே தன் மீன் வானில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே காத்திருந்தான்.

ஸல்ஹா கதவைச் சாத்தினாள். மேசையில் ஒரு மாத்திரையை எடுத்து வைத்தாள்.

"போன கிழமை நீங்க தந்த குளிசையைப் பரிசோதிச்சாச்சு. அது நித்திரைக் குளிசையே இல்ல. ஸ்டீரோயிட்! அதுதான் முகம் இப்பிடி வீங்கியிருக்கு."

"அது... விசமோ டொக்டர்?"

"அளவோட குடுத்தா மருந்து. இது அளவு மீறினது. மூளைக்குள்ள போய் எல்லாத்தையும் குழப்பிப் போடும். நித்திரை போகும். பயம் வரும். சில பேருக்கு இல்லாத ஆக்களும் தெரிவாங்க. உங்களுக்கு விசர் இல்ல!"

துஷாந்தி விம்மினாள்.

"இண்டைக்கே நிப்பாட்டுறன்!"

"கூடாது! திடீரெண்டு நிப்பாட்டினா உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம். பொலிசுக்கும் சொல்லிட்டன்..."

மருந்து எழுதத் தொடங்கிய ஸல்ஹா சட்டென்று நிமிர்ந்தாள்.

"அவரை முதல்முதல் எங்க கண்டீங்க?"

"துறைமுகத்து மீன் ஏலத்திலை. தாடியோடை. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிட்டார். தனோஜனுக்குச் சொன்னனான். மூளை களைச்சுப்போச்சு அண்ணி எண்டு குளிசை தந்தவன்."

"பொறுங்க... ஏலத்தில கண்டது குளிசை போட முந்தியா, பிறகா?"

துஷாந்தி விரல்விட்டு நாட்களை எண்ணினாள்.

"மு... முந்தி!"

ஸல்ஹா பேனாவைக் கீழே வைத்தாள்.

"கிணத்தடியில இருந்தவர் குளிசை காட்டின மாயை. ஏலத்தில நிண்டவர்..."

"...உயிரோடை இருக்கிறார்!"

கதவு திறந்தது!

தனோஜன்.

"முடிஞ்சுதோ அண்ணி? வாங்கோ, போவம்."

துஷாந்தி கதிரையை விட்டு எழவில்லை. ஸல்ஹா மட்டும் சிரித்தாள்.

"இருங்க தம்பி. உங்களுக்கும் பிரஷர் பார்ப்பம். கையை நீட்டுங்க."

பட்டியைச் சுற்றினாள். காற்றடித்தாள். இறக்கினாள். மறுபடி அடித்தாள்...

"என்ன டொக்டர், இவ்வளவு நேரம்?"

"உங்கட பிரஷர் ஏறிக்கொண்டே போகுது தம்பி!"

வாசலில் ஜீப் நின்ற சத்தம். இன்ஸ்பெக்டர் சோமசேகரம் உள்ளே வந்தார்.

"இந்த அம்மாவுக்குக் குளிசை குடுத்தது ஆர்?"

தனோஜன் வெலவெலத்தான்.

"அண்ணா குடுக்கச் சொன்னவர் சேர்!"

"எந்த அண்ணா? செத்துப்போனவரோ?"

தனோஜன் நாக்கைக் கடித்தான். நேரம் கடந்துவிட்டது!

பொழுது சாய முன்னர் தனோஜனின் மீன் வாடிக் கொட்டிலுக்குள்ளிருந்து, ஐஸ் பெட்டிகளின் பின்னால் பதுங்கியிருந்த தாடிக்காரனைப் பொலிசார் இழுத்து வந்தார்கள். முத்தலிப்பின் மண்டையைப் பிளந்தது பாறையல்ல. பிளந்த டிலக்சன் உயிரோடு திரிவதைக் கண்ட ஒரே சாட்சி துஷாந்தி. அதனால்தான் அவளை விசரியாக்கப் பார்த்தார்கள்!

ஜீப்பருகில் நின்று அவனைப் பார்த்தாள். ஈரமில்லை. சிரிப்பில்லை. நிஜ டிலக்சன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

அவள் நடுங்கவில்லை.

"இவர்தான் சேர்."

"சேர், ஆள் மாறிப் பிடிக்கிறியள்!" டிலக்சன் கத்தினான். "டிலக்சன் செத்து ரெண்டு வருசம்!"

"மெத்தச் சரி," என்றார் சோமசேகரம், விலங்கைப் பூட்டியபடி. "செத்தவைக்குப் பிணை எடுக்க ஏலாது. ஏறு!"