பெல்மெட்டுக்கு மேலே

பிராக்கெட் வளைந்திருந்தது.

கழன்று விழுந்திருந்தால் அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது. சுவர்ப் பூச்சு பொலபொலத்துப் போனால் ஸ்க்ரூவும் பிளக்குமாகச் சேர்ந்து வெளியே வந்துவிடும். அப்படித் தொங்கிய திரைகளை அவள் எவ்வளவோ பார்த்திருக்கிறாள். இங்கே ஸ்க்ரூக்கள் சுவரைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருந்தன. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. அவற்றுக்கு நடுவிலிருந்த இரும்புப் பட்டை மட்டும், வெயிலில் வைத்த மெழுகுவத்தி போல, கீழ்நோக்கித் தொய்ந்து போயிருந்தது.

"என்னடி டிரில்லு, இறங்குற உத்தேசம் இருக்கா இல்லையா? ஏணியப் புடிச்சுப் புடிச்சு எனக்குக் கை மரத்துப் போச்சு."

கீழே அண்ணி நின்றிருந்தாள். அவள் அண்ணனின் மனைவி. துணி வெட்டித் தைப்பது, அளவெடுப்பது, வீட்டுக்காரர்களிடம் பேசுவது எல்லாம் அண்ணி. ஏணியில் ஏறித் துளை போடுவது இவள். அதனால்தான் டிரில்லு என்று பெயர். புருஷன் வீடு வேண்டாம் என்று ஒற்றைப் பையோடு வந்து நின்ற அன்று, அண்ணன் வாசலை மறித்தபடி யோசித்துக்கொண்டிருக்க, அண்ணிதான் அவனை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பையை வாங்கி உள்ளே வைத்தாள். அண்ணன் லாரியில் மாதக்கணக்காகச் சுற்றுகிறவன். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"பிராக்கெட் வளைஞ்சிருக்கு அண்ணி."

"மறுபடியுமா? போன தடவ தடிமனாத்தானே போட்டோம்?"

போன தடவை மட்டுமில்லை, அதற்கு முந்தின தடவையும் இதே ஜன்னல்தான். இதே படுக்கையறை. எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி இருக்கிற, மத்தியானத்திலும் சாம்பல் வெளிச்சம் மட்டுமே உள்ளே வருகிற ஜன்னல். அதற்கு மேலே சுருட்டுத் திரை. திரையையும் பிராக்கெட்டையும் மறைக்க ஒரு நீளமான மரப்பெட்டி, பெல்மெட். இதெல்லாம் சேர்ந்தாலும் ஒரு கைக்குழந்தையின் எடைகூட வராது.

அவள் இன்னும் ஒரு படி ஏறி, பெல்மெட்டின் மேல்பலகையைத் தடவிப் பார்த்தாள். எந்த வீட்டிலும் அங்கே விரல் பதியத் தூசி இருக்கும். இங்கே இல்லை. வார்னிஷ் தேய்ந்து, பலகை வழவழவென்று, பல வருஷம் ஆள் உட்கார்ந்த பெஞ்சு போல இருந்தது. மரம் வெதுவெதுப்பாகவும் இருந்தது. வெகுநாள் தலைவைத்து உறை மாற்றாத தலையணையின் வாடை, எண்ணெயும் வியர்வையும் கலந்து, மூக்கில் ஏறியது.

கையை எடுத்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள்.

"சார், இதுமேல யாராச்சும் ஏறினாங்களா? ஈரத்துணி கிணி காயப் போட்டீங்களா?"

வீட்டுக்காரர் அறைக்குள் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தனியாக இருக்கிறார். கழுத்து முன்பக்கம் குனிந்து, பேசும்போதும் தரையைப் பார்த்தே பேசுவார். எலும்புத் தேய்மானம் என்று முதல் தடவையே சொல்லியிருந்தார்.

"இல்லம்மா. யாரும் ஏறல."

"அப்ப இரும்பு எப்படி சார் வளையும்?"

"நீங்க நல்லா தாங்குற மாதிரி போட்டுருங்க. எவ்வளவு கெட்டியா இருந்தாலும் சரி."

"திரை மாட்டவா சார், யானை கட்டவா?" என்றாள் அண்ணி.

அவர் சிரிக்கவில்லை. சிரமப்பட்டுக் கண்ணை மட்டும் உயர்த்தி, பெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவிலிருந்த இருட்டை ஒரு தடவை பார்த்தார். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று முனகிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனார்.

அவள் புது பிராக்கெட்டுகளைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். உள்ளங்கை அகலப் பட்டைகள், சுவருக்குள் போய் விரிந்து பிடித்துக்கொள்கிற போல்ட்டுகள். முதலில் பழையதைக் கழற்ற வேண்டும். ஒரு பக்கத்து ஸ்க்ரூவை எடுத்தாள். மறுபக்கத்துக்கு ஏணியை நகர்த்தி அங்கேயும் எடுத்தாள். கடைசி ஸ்க்ரூ வெளியே வந்து பெட்டி அவள் கையில் இறங்கியபோது தோள் இரண்டும் கீழே இழுத்துக்கொண்டு போயின. பாரம். அவ்வளவு பாரத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அது போய்விட்டது. பெட்டி காலியாக, லேசாக, சினிமா செட்டுச் சாமான் போல அவள் கையில் மிதந்தது.

தரையில் ஏதோ இறங்கியது. தொப்பென்று இல்லை. வெறுங்கால் டைல்ஸில் படுகிற மெல்லிய, ஈரமான சத்தம்.

"என்ன விழுந்துச்சு?" என்றாள்.

"ஸ்க்ரூதான். இரு, எடுக்கிறேன்." அண்ணி குனிந்தாள்.

வீட்டுக்காரர் தண்ணீர் டம்ளர்களோடு வாசலில் வந்து நின்றார். வெற்றுச் சுவரைப் பார்த்தார். டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"கழட்டிட்டீங்களா?"

"கழட்டாம எப்படி சார் மாட்டுறது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா..." குரல் இறங்கிப் போயிருந்தது. டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். "சீக்கிரம். சீக்கிரம் மாட்டுங்க."

அப்போதுதான் அண்ணி "அம்மா" என்றாள். சத்தமாக இல்லை, மூட்டையைத் தோளில் வாங்கும்போது ஆள் விடுகிற மூச்சு போல. குனிந்தவள் குனிந்தபடியே முழங்காலில் கை ஊன்றி நின்றாள்.

"என்ன அண்ணி?"

"புடிச்சுக்கிச்சுடி. முதுகு. வயசாகுதுல்ல..." சிரிக்கப் பார்த்தாள். மெல்ல நிமிர்ந்தாள். பாதிக்கு மேல் நிமிர முடியவில்லை.

ஏணியின் மேலிருந்து அவளுக்கு அண்ணியின் தோள்கள் நன்றாகத் தெரிந்தன. கழுத்தின் இரு பக்கமும் சேலைத் துணி உள்ளே அமுங்கியிருந்தது. அமுங்கிய இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருக்கங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுருக்கங்கள் நகர்ந்தன. பிடி சரியில்லை என்று யாரோ விரல்களை மாற்றி வைப்பது போல.

சுவரோரம் எலும்பு சொடுக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் பிடரியிலிருந்து கையை எடுத்திருந்தார். அவர் கழுத்து மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. முதல் தடவையாக அவர் முகத்தை அவள் முழுசாகப் பார்த்தாள். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

"போங்க" என்றார். "போதும். இப்பவே போங்க."

"பெல்மெட்டு?"

"கெடக்கட்டும். போங்கம்மா!"

அவள் இறங்கியதும் ஏணியையும் டிரில்லையும் பையையும் அவரே தூக்கி வாசலில் வைத்தார். அண்ணியைத் தொடாமல், சுவரோரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார். கதவைச் சாத்தி உள்சங்கிலியை மாட்டினார். அவள் இடுக்கில் கையைக் கொடுத்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"எங்க அண்ணிமேல என்ன அது?"

"தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. இந்த வீட்டுக்கு வந்தப்பவே மேல இருந்துச்சு. இரும்பு தாங்காம வளைஞ்ச நாள்லயெல்லாம் நான்தான் தாங்கினேன். அதான் கெட்டியா கேட்டேன். வேற எண்ணம் இல்ல."

"எப்படி இறக்குறது?"

"இறங்காது. ஏறும். ஜன்னலுக்கு மேல, கூரைக்குக் கீழ, இருட்டா ஒரு இடம் இருந்தா ஏறும். நல்லா தாங்கணும்." அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். "மன்னிச்சிரும்மா."

தாழ்ப்பாள் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

வேனை அவள் ஓட்டினாள். பக்கத்தில் அண்ணி. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பக்கத்து வண்டிக்காரனைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவள், இப்போது மோவாய் நெஞ்சில் படக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வேன் முழுக்க அந்தத் தலையணை வாடை. ஜன்னலை இறக்கிவிட்டும் போகவில்லை. கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். பஸ் ஹாரன்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் கூச்சல், எண்ணெய்ச் சட்டிகளின் சொய்ங் எல்லாம் வெளியே இருந்தன. உள்ளே இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம். அவள் தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

அப்போதும் இரண்டு பேர்.

"டிரில்லு" என்றாள் அண்ணி, தரையைப் பார்த்தபடி. "எம்மேல ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு விடைக்கும்டி. பாக்காமலே தெரியும்."

அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுப் படிக்கட்டில் அண்ணி கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினாள். பாதியில் நின்றுவிட்டாள். தூக்கிவிடலாம் என்று இவள் அவள் முதுகைச் சுற்றிக் கையைக் கொடுத்தாள். முழங்கை எதிலோ இடித்தது. அண்ணியின் மேல் இல்லை அது. அண்ணிக்கு மேலே. சில்லென்று, மெலிந்து, எலும்போடு ஒட்டிய தோல். ஒரு கெண்டைக்கால்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க அண்ணி" என்றாள். "இன்னும் கொஞ்ச தூரம்தான். வாங்க."

படுக்கையில் உட்கார வைத்ததும் அண்ணியின் தலை முழங்காலுக்கு இறங்கிவிட்டது. அவள் ஏணியைப் போட்டாள். ஜன்னலுக்கு மேலே, கான்கிரீட் வரைக்கும் துளை போட்டாள். அவசரத்தில் டிரில் வழுக்கிச் சுவரில் கோடு இழுத்தது. மறுபடி வைத்து அழுத்தினாள். சிமென்ட் தூள் கண்ணில் விழுந்தது. அந்தப் புது பிராக்கெட்டுகளை வைத்து, போல்ட்டுகளை முடிந்த மட்டும் முறுக்கினாள், பிறகு ஸ்பேனர் மேல் தன் முழு உடம்பையும் போட்டு இன்னும் முறுக்கினாள். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கெட்டியாக மாட்டியதில்லை. வேலைக்கென்று செய்து வைத்திருந்த ஒரு பெல்மெட்டைத் திரையோடு அதன் மேல் ஏற்றினாள். மேலே கூரைக்கு ஒரு சாண் இடம் இருந்தது. பிராக்கெட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

திரையை இறக்கினாள். விளக்கை அணைத்தாள். ஏணியை எடுத்துவிட்டு, கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி."

"ம்."

"கொஞ்ச நேரம்தான். போயிரும்."

"ம்."

திரையின் ஓரங்களில் தெருவிளக்கு மெல்லிய கோடாகக் கசிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள், மூடினார்கள். அண்ணியின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அதன்மேல் இன்னொரு மூச்சு, அவசரமே இல்லாமல்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டில் கிறீச்சிட்டது.

துணி உரசியது.

சுவரில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. மேலே. இன்னும் மேலே.

மரம் முனகியது. புதுப் பலகை முதல் தடவையாகப் பாரம் வாங்கும் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். போல்ட்டுகள் ஒரு கணம் கடகடத்து, பிறகு அடங்கின.

ஏறிவிட்டது.

அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "அண்ணி, ஏறிருச்சு. நிமிருங்க. நிமிர்ந்து பாருங்க அண்ணி." கட்டிலைத் துழாவினாள். போர்வை வெதுவெதுப்பாக இருந்தது. தலையணை இருந்தது.

அண்ணி இல்லை.

"டிரில்லு."

குரல் மேலேயிருந்து வந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

பெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவே, அந்த ஒரு சாண் இடத்தில், அண்ணி இருந்தாள். முழங்கால்கள் காதுக்குப் பின்னால் போயிருந்தன. ஒரு கன்னம் கூரையில் ஒட்டி நசுங்கியிருந்தது. கண்கள் திறந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கு மேலே எதற்கும் இடமில்லை. ஆனாலும் தோளில் சேலை அமுங்கித்தான் இருந்தது.

"இறக்கி விடுடி" என்று உதடு அசைந்தது. அடுத்த வார்த்தைக்கு நெஞ்சில் காற்றுக்கு இடமில்லை.

ஏணி. ஏணி எங்கே? இருட்டில் கைக்கு அகப்படவில்லை. கட்டில்மேல் ஏறினாள். எட்டவில்லை. அண்ணியின் பின்னல் மட்டும் திரைக்கு முன்னால் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எகிறி அதன் நுனியைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள்.

மேலேயிருந்து ஒரு சின்ன இழுப்பு.

பிறகு இன்னொன்று. திரைக் கயிற்றை நிதானமாக இழுத்துச் சுருட்டுவது போல, பின்னல் அவள் கைகளோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டிருந்தது.