கெண்டைக்கால் நரம்பு

தோல்மேல் ஸ்கேன் ப்ரோபை அழுத்தியதும் திரையில் நரம்பு விலகிப்போனது. ஸ்கேன் டாக்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. மேசையில் குப்புறப் படுத்திருந்த தையற்காரியையே அவர் பொருட்படுத்தவில்லை. கெண்டைக்காலில் ஏதோ ஊர்கிறது என்று ஒரு டாக்டரையும் விடாமல் புலம்பித் திரியும் ரகம்.

"ஊருதா? நரம்பு என்ன மண்புழுவாம்மா?"

வாசலருகே நின்ற நர்ஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கும்.

விளக்கணைத்த அறையில் இயந்திரத்தின் விசிறி முனகியது. ஜெல்லின் வாடை மூக்கில் ஏறியது. திரையின் சாம்பல் வெளிச்சத்தில், முழங்காலுக்குப் பின்னாலிருந்து சின்ன ரத்தக்குழாயை ஒட்டியே வெளிக்கணுக்கால்வரை இறங்கும் அந்த உணர்வு நரம்பு, வெள்ளைக்குள் கறுப்புப் புள்ளிகளாகக் குட்டித் தேன்கூடு மாதிரி தெரிந்தது. தொட்டதையும் சுட்டதையும் சொல்வதோடு அதன் வேலை சரி. தானாக அசைய அதற்கு வக்கில்லை.

மறுபடி அழுத்தினார். மறுபடி நழுவியது.

"காலை ஆட்டாதீங்க."

"நான் ஆட்டலைங்க டாக்டர்."

புளுகு, என்று நினைத்தபடியே ப்ரோபைக் கணுக்காலுக்கு இறக்கினார். கையுறை போட்டுக்கொள்ளச் சோம்பல். ஜெல் விரலெல்லாம் வழிந்தது. நரம்பு அங்கே பாதத்துக்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. மழுங்கிய முனையாகத் திரும்பி, தோலை நோக்கி, அவர் கையை நோக்கி எழும்பியிருந்தது.

திரை கலங்கித் தெளிந்தது. நரம்பைக் காணோம்.

"ஊர்றது நின்னுருச்சுங்க!" அவள் எழுந்து உட்கார்ந்தாள். "பாதத்து ஓரம் மட்டும் மரத்த மாதிரி இருக்கு. பரவாயில்லைங்க."

"எல்லாம் மனப்பிரமை. போய் வேலையைப் பாருங்க."

நர்ஸ் அவளை வெளியே கூட்டிப்போனாள். அவர் கையைத் துடைத்தார். விரலில் துணி படுவது தெரியவில்லை. கிள்ளினார். ஒன்றுமில்லை. மணிக்கட்டுக்கு மேலே மட்டும் ஏதோ ஊர்ந்தது.

ப்ரோபை முன்கையில் வைத்தார். ஒரு தேன்கூடு. அவருடையது.

பக்கத்தில் இன்னொன்று.

"டாக்டர், அடுத்தவங்களை அனுப்பவா?" கதவுக்கு வெளியே நர்ஸ்.

கத்தலாம். உள்ளே ஏதோ ஊர்கிறது என்று சொல்லலாம். சாயந்தரத்துக்குள் ஆஸ்பத்திரியே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

"இரு. மெஷின் மக்கர் பண்ணுது."

முழங்கை. தோள். அது போன இடமெல்லாம் மரத்தது. ப்ரோபைக் கழுத்தில் வைத்தார். வைத்தது உறைக்கவில்லை. திரையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

தொண்டைக்கு மேலே முனை நிமிர்ந்து நின்றது. அதன் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வாய்போலத் திறந்துகொண்டிருந்தன.