வற்றாத கடலில் மூன்று பேர்

“அந்தக் குகைக்குள் நீந்திப் போய் மணியை அடித்துவிட்டு வருகிறவருக்கு இன்றைக்கு என் படகில் ராஜ உபசாரம்!”

படகோட்டி சால்வு ஆங்கிலத்தில் அறைகூவினார். ரொசாரி அதை அப்படியே தமிழில் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். வினை அங்கேதான் ஆரம்பித்தது!

மால்டாவின் வடக்கு முனையிலிருந்து காலையில் கிளம்பிய சின்னப் படகு அது. ஆறு பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். கோமினோ என்ற குட்டித் தீவைச் சுற்றிக் காட்டி, இரண்டு இடங்களில் குளிக்க விட்டு, மதியம் சாப்பாடும் போட்டு, நாலு மணிக்குள் கரை சேர்த்துவிடுவார்கள். ரொசாரி மால்டாவில் இரண்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்க ஊரிலிருந்து அப்பா இஞ்ஞாசியும், அக்கா பிலோமியும், பிலோமியைக் கட்டிப் பத்தே மாதமான அமல்தாசும் வந்திருந்தார்கள். மீதி இரண்டு இடத்தில் ஒரு வயதான இத்தாலியத் தம்பதி.

இஞ்ஞாசி மணப்பாட்டுக்காரர். நாற்பது வருடம் கடலில் கிடந்தவர். அது நல்ல விஷயம்தான். ஆனால் அதை மணிக்கு நாலு தடவை சொல்வார். காலையிலிருந்து இந்தக் கடலைப் பார்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். “இதெல்லாம் ஒரு கடலா? கொளத்துத் தண்ணி மாதிரி அசையாமக் கெடக்கு.”

சால்வு கைகாட்டிய இடத்தில் செங்குத்தான பாறைச் சுவர். அதன் அடியில் அரைவட்டமாக ஒரு வாய். தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரம் திறந்திருந்தது. உள்ளே ஒரு கல்திட்டு இருக்கிறதாம். திட்டுக்கு மேலே எந்தக் காலத்திலோ மீனவர்கள் ஒரு வெண்கல மணியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களாம்.

அமல்தாஸ் எழுந்தான். “நான் போயிட்டு வரட்டுமா மாமா?”

இஞ்ஞாசி சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? “தம்பி, ஒங்க திண்டுக்கல்லுல தண்ணியக் கொடத்துலதான பாத்திருப்பிய? பேசாம நெழல்ல உக்காந்து தர்பூசணி தின்னுங்க. மணி அடிக்கணும்னா கடக்கரையில பொறந்திருக்கணும்.”

“அப்பா! வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்!” என்று பிலோமி பல்லைக் கடித்தாள்.

அமல்தாஸ் உட்கார்ந்துவிட்டான். முகம் மட்டும் சுண்டிப் போயிற்று. தமிழ் தெரியாத இத்தாலியத் தம்பதிக்குக்கூட என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது.

சால்வு வானத்தைப் பார்த்தார். “மதியத்துக்கு மேல் மயிஸ்ட்ரால் வரும். வடமேற்குக் காற்று. அது வந்தால் இந்தப் பக்கம் நிற்க முடியாது. சாப்பிட்டதும் கிளம்பிவிடலாம்” என்று சொல்லி, பாறை முனையைத் தாண்டி அடுத்த வளைவில் நங்கூரம் போட்டார்.

சாப்பாடு முடிந்தது. சாப்பாட்டு மயக்கத்தில் சால்வு உட்பட எல்லாரும் கொஞ்சம் கண் அசந்தார்கள். பிலோமி விழித்தபோது பக்கத்தில் அமல்தாஸ் இல்லை. அவனுடைய நீச்சல் கண்ணாடியும் இல்லை.

“ஏட்டி ரொசாரி! ஒங்க அத்தான் எங்க?”

படகின் இந்தப் பக்கம் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தார்கள். தண்ணீரில் ஒரு தலைகூட இல்லை! சால்வு சொன்ன காற்று அதற்குள் வந்துவிட்டிருந்தது. காலையில் கண்ணாடியாகக் கிடந்த கடலில் வெள்ளை நுரை ஓடியது. அப்போதுதான் பாறை முனைக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

டாண்! டாண்! டாண்!

“போயி மணிய அடிச்சிட்டாரா!” என்று இஞ்ஞாசி வாயைப் பிளந்தார். ஆனால் மணி நிற்கவில்லை. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ஜெயித்தவன் அப்படி அடிக்கமாட்டான். மாட்டிக்கொண்டவன்தான் அடிப்பான்.

சால்வு சட்டென்று நங்கூரத்தைத் தூக்கிப் படகைக் குகைக்கு எதிரே கொண்டுபோனார். காலையில் ஆள் உயரம் திறந்திருந்த வாய், இப்போது அலை ஏறும்போது மூடியது, இறங்கும்போது முழங்கை அளவு திறந்தது. இதற்குமேல் நெருங்கினால் படகு பாறையில் மோதிச் சுக்குநூறாகும்! அவர் வயர்லெஸில் கத்தினார். மீட்புப் படகு வர முக்கால் மணி நேரம் ஆகுமாம்.

பிலோமி இஞ்ஞாசியின் சட்டையைப் பிடித்துவிட்டாள். “நீங்க சொன்ன சொல்லுக்குத்தாம்ப்பா அவுக போனாக! அவுக இல்லாம நீங்க இந்தப் படகுல ஏறக் கூடாது!”

இஞ்ஞாசி அவள் கையை விலக்கினார். சட்டையைக் கழற்றினார். ரொசாரி ஒரு மிதவைச் சட்டையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றாள்.

“நீ வராத.”

“ஒத்தையா எப்படிப்பா இழுத்துட்டு வருவீங்க? நானும் மணப்பாட்டுக்காரிதான்.”

“உள்ளே தங்காதீர்கள்!” என்று சால்வு கத்தினார். “இந்தக் காற்று இருட்டும் வரை ஏறிக்கொண்டேதான் போகும்!” ரொசாரி தலையாட்டிவிட்டுக் குதித்தாள்.

அலை இறங்கிய ஒரு நொடியில் இருவரும் வாய்க்குள் நுழைந்தார்கள். தலைக்கு மேலே பாறை உரசியது. பத்துப் பாகத் தூரம், அதாவது அறுபது அடி, இடுக்கு வழி. அதன்பிறகு குகை விரிந்தது. மங்கலான நீல வெளிச்சத்தில் கல்திட்டு தெரிந்தது. அதன்மேல் அமல்தாஸ் ஒரு கையால் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தான். முட்டி கிழிந்து ரத்தம் ஒழுகியது. நீச்சல் கண்ணாடியை அலை கொண்டுபோயிருந்தது.

“மாமா…” என்றான். பற்கள் தந்தியடித்தன. “வரும்போது வழி நல்லாத்தான் இருந்துச்சு மாமா. திரும்பிப் பாக்குறேன், வழியக் காணோம்.”

ரொசாரி அவனுக்கு மிதவைச் சட்டையை மாட்டினாள். கிளம்பலாம் என்று திரும்பினால், தடதடவென்று மூன்று பெரிய அலைகள்! வாய் முழுவதும் அடைபட்டது. குகைக்குள் காற்று அழுந்திக் காது வலித்தது.

“பொறுங்க, பொறுங்க” என்றார் இஞ்ஞாசி. அவர் குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது. “பயப்படாதீங்க. எளவட்டத்துல நம்மூரு பாறைக்கு அடியில இப்படித்தான் மாட்டிக்கிட்டேன். இப்ப ஏத்தம். கொஞ்ச நேரத்துல வத்தம் வரும். தண்ணி தானா எறங்கும், நடந்தே போயிரலாம்.”

“அப்பா, இங்க வத்தம் வராது.”

“என்னட்டி சொல்லுத?”

“இந்தக் கடல் ஏறவும் செய்யாது, வத்தவும் செய்யாதுப்பா! ரெண்டு வருசமா தெனமும் பாக்கேன். மிஞ்சிப் போனா ஒரு சாண். இப்ப ஏறுதது காத்துக்கு. காத்து இன்னும் கூடும்னு சால்வு சொல்லுதாரு. இப்பமே போயிரணும்!”

“கடல்னா வத்தாம இருக்குமா? நாப்பது வருசம் கடல்ல கெடந்தவன் நானா, நீயா? ஊசி போடுததப் பத்தி நீ பேசு. கடலப் பத்தி நான் பேசுதேன்.”

“இந்தப் பாறையப் பாருங்க. நம்மூருல பாசி எம்புட்டு ஒசரத்துக்குப் பிடிச்சிருக்கும்? ஒங்க இடுப்பு மட்டும் இருக்குமே! இங்க எங்க இருக்கு?”

பாறைச் சுவரில் பாசி ஒரு சாண் அகலத்துக்குத்தான் படிந்திருந்தது. இஞ்ஞாசி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனுஷனுக்கு அவ்வளவு வீம்பு! திட்டின் கீழ்ப்படியில் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து வைத்தார். “இந்தக் கல்லுக்குக் கீழ தண்ணி எறங்குதா இல்லையான்னு பாத்துக்க.”

ரொசாரிக்கு அழுகை முட்டியது. அத்தானைத் தனியாக இழுத்துக்கொண்டு போக அவளால் முடியாது. அப்பா இறங்கினால்தான் உண்டு. வேறு வழியில்லாமல் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. தண்ணீர் கல்லைத் தொட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கல் நனைந்தது, அசைந்தது, காணாமலே போயிற்று. அடுத்த அலை அமல்தாசின் மடியில் ஏறியது. அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது. மணிக் கயிற்றிலிருந்து அவன் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவுவதை ரொசாரி பார்த்தாள்.

“அப்பா!”

இஞ்ஞாசி கல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. “வத்தல” என்றார் மெதுவாக. “வத்தவே இல்லியே. நான் நெனச்சது தப்பு மக்கா. பிலோமி மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

   ரொசாரி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“வத்தம் இல்லாட்டிப் போகட்டும்ப்பா. அலை எல்லா ஊருலயும் அலைதான? எப்ப அடங்கும்னு பாத்துச் சொல்லுங்க. அது எனக்குத் தெரியாது, ஒங்களுக்குத்தான் தெரியும்!”

இஞ்ஞாசி தலையை உதறினார். வாய்ப்பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கினார். உதடு அசைய ஆரம்பித்தது. மணப்பாட்டுக் கட்டுமரக்காரர்கள் கடலில் கடிகாரம் பார்ப்பதில்லை, மாதாவிடம் வேண்டும் மங்கள வார்த்தை செபத்தைத்தான் சொல்லி நேரத்தை எண்ணுவார்கள். பெரிய அலை ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகு கொஞ்சம் அடக்கம். வாயில் ஒரு சாண் வெளிச்சம். ஒரு மங்கள வார்த்தை… இரண்டு மங்கள வார்த்தை… மூன்றாவதை எடுக்கும்போது மறுபடி பெரிய அலை!

இன்னொரு சுற்றும் எண்ணினார். அதே கணக்கு.

“ரெண்டு செபம் நேரம் இருக்கு. அதுக்குள்ள பத்துப் பாகம் கடக்கணும். ரொசாரி முன்னால. தம்பி நடுவுல, அவ கணுக்காலப் பிடிச்சுக்கிடணும். நான் பின்னாலேருந்து தள்ளுதேன். அவரு மெதவச் சட்டையக் கழட்டு. மெதந்தா மண்ட பாறையில மோதும்.”

“மாமா, சட்டை இல்லாம நான் முங்கிருவேன்!” என்று அமல்தாஸ் அலறினான்.

“முங்க விடமாட்டேன். ஒங்களுக்கு முன்னால நான் முங்குதேன், போதுமா? மூச்ச இழுத்துப் பிடிங்க.”

முதல் அலை. திட்டில் மூவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். இரண்டாவது. மூன்றாவது, அடேயப்பா, மூவரையும் சுவரோடு சுவராக அறைந்தது!

“எறங்கு!”

ரொசாரி பாய்ந்தாள். கணுக்காலில் அமல்தாசின் விரல்கள் இறுகின. நீல வெளிச்சத்தை நோக்கி இரண்டு கையாலும் தண்ணீரைக் கிழித்தாள். மனதுக்குள் ஒரு செபம் முடிந்தது. பாதி வழிகூட ஆகவில்லை! கால் கனத்தது. பிறகு திடீரென்று கனம் இல்லாமல் போயிற்று. பிடி விட்டுவிட்டது! திரும்பினாள். அமல்தாஸ் கண்ணை மூடிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு அடியில் இஞ்ஞாசி, தோளைக் கொடுத்து மேலே முட்டித் தள்ளினார். ரொசாரி தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இழுத்தாள், உதைத்தாள், இழுத்தாள்!

வெயில் முகத்தில் அடித்தது.

அமல்தாஸ் இருமினான். சால்வு வீசிய மிதவை வளையம் பக்கத்தில் விழுந்தது. அவனை அதில் மாட்டிவிட்டு ரொசாரி பின்னால் பார்த்தாள். குகை வாயில் பெரிய அலை போய் மோதி வெள்ளையாகச் சிதறியது. அப்பா இல்லை.

“அப்பா!”

ஒரு நொடி. இரண்டு நொடி. இரண்டாவது அலையும் போய் மோதியது. அப்புறம் ஒரு நரைத்த தலை மேலே வந்தது. நெற்றி வெடித்து ரத்தம் வடிந்தது. “கத்தாதட்டி, வந்துட்டேன்” என்றது அந்தத் தலை. ரொசாரி கடலிலேயே ஓவென்று அழுதுவிட்டாள்.

படகில் ஏறியதும் பிலோமி புருஷனை நெஞ்சிலேயே நாலு அடி அடித்தாள். பிறகு அவன்மேல் விழுந்து அழுதாள். இத்தாலியக் கிழவி எல்லாருக்கும் துண்டு போர்த்திவிட்டாள். மீட்புப் படகு தூரத்தில் வருவது தெரிந்தது. சால்வு ஒரு கையை ஆட்டிக்கொண்டே, “மூன்று பேரும் பத்திரம்!” என்று வயர்லெஸில் கூவினார்.

“இம்புட்டு நேரம் உள்ள என்ன செஞ்சிய?” என்றாள் பிலோமி.

அமல்தாஸ் நல்ல பிள்ளை. “மாமாதான் அலைய எண்ணி எங்கள வெளிய கொண்டாந்தாரு” என்று ஆரம்பித்தான்.

“நிறுத்துங்க தம்பி” என்றார் இஞ்ஞாசி. நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு பெரிய மகளை நேராகப் பார்த்தார். “வாய்க்கொழுப்புல இவர உள்ள வெரட்டுனது நான். உள்ள போயும், வத்தம் வரும் வரும்னு சட்டமா ஒக்கார வச்சதும் நாந்தான். சின்னவ ஆரம்பத்துலேயே சொன்னா, நான் கேக்கல. அவ சொல்லுக்கு அப்பமே எறங்கியிருந்தா இந்தப் பாடே இல்ல. ஒம் புருசன இன்னைக்கு நான் கொல்லப் பாத்தேன் பிலோமி. எனக்கு இந்தக் கடலு தெரியாது.”

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.   பிலோமி, அமல்தாசின் முட்டியில் கட்டுப் போட ரொசாரிக்கு உதவினாள். கரை சேரும் வரை அப்பா பக்கம் திரும்பவே இல்லை. இஞ்ஞாசியும் ஒரு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட எவ்வளவு நேரமாகும்? அரை நிமிடம்கூட ஆகாது. குகைக்குள் அந்த அரை நிமிடத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது கால் மணி நேரம். அதில் மூன்று உயிர் போகவிருந்தது.

துறையில் படகு நின்றது. முதலில் அமல்தாஸ் நொண்டிக்கொண்டே இறங்கினான். இறங்கியவன் திரும்பி நின்று மாமனாருக்குக் கையை நீட்டினான். ஆடுகிற படகிலிருந்து குதித்து இறங்கியே பழகியவர் இஞ்ஞாசி. நீட்டிய கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்து எறங்குங்கப்பா” என்றாள் பிலோமி, பின்னாலிருந்து. “படி வழுக்கும்.”